கட்டினவர்தான் அவிழ்க்கணும்

அந்தப் போர்ப் பயிற்சியில் எல்லாருக்கும் சாக ஆசை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உலகத்தின் வடகோடியில், டிசம்பர் மாத லாப்லாந்துக் காட்டில், சூரியன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோன நாட்களில், இடுப்பளவு பனியில் துப்பாக்கியோடு கிடக்கிறவனைக் கேட்டுப் பாருங்கள், உயிரோடு இருப்பதில் என்ன சுகம் என்று. உயிரோடு இருக்கிறவனுக்குப் பள்ளம் வெட்டும் வேலை, காவல் வேலை, பல் இறங்காத உறைந்த ரொட்டி. செத்தவனுக்கோ தனிக் கூடாரம், நடுவில் கணகணவென்று எரியும் இரும்பு அடுப்பு, கெட்டில் நிறையக் காபி, சுட்டுத் தின்னச் சாசேஜ். பயிற்சி முடிகிறவரை அவனுக்கு யாரும் ஒரு வேலை சொல்ல முடியாது.

அந்தச் சாவைக் கொடுக்கிற அதிகாரம் டாக்டர் யல்மாரியிடம் இருந்தது. மற்ற நாளெல்லாம் அவர் கெமியார்வி ஊரில் சாதாரண டாக்டர். மூட்டுவலி, ரத்த அழுத்தம், வழுக்கி விழுந்து உடைந்த மணிக்கட்டு என்று அவர் பொழுது போகும். அரசாங்கத்திலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து உடுப்பை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு ரிசர்வ் படையின் லெப்டினன்ட் ஆகிவிடுவார். உடுப்பு வருஷா வருஷம் வயிற்றுப் பக்கம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று மனைவி இங்கெரி கேலி செய்வாள். படையில் இருக்கிறவர்களும் ஊர்க்காரர்கள்தான். பஸ் ஓட்டுகிறவன், மீன் விற்கிறவன், பள்ளிக்கூட வாத்தியார். யாருக்கு மூலம், யாருக்குக் குடி என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் சல்யூட் அடிக்கும்போது பாதிப் பேர் அவர் கண்ணைப் பார்க்க மாட்டார்கள்.

சாவு எப்படி வரும் என்றால், வெள்ளைப் பட்டை கட்டிய நடுவர்கள் காட்டுக்குள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். யாரையாவது நிறுத்திக் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டுவார்கள். 'தொடையில் குண்டு', 'வயிறு கிழிந்தது' என்று அதில் எழுதியிருக்கும். அட்டை விழுந்தவன் அங்கேயே பனியில் படுத்து முனக வேண்டும். தோழர்கள் அவனை ஒரு பலகையில் கட்டி, டாக்டரின் கூடாரத்துக்கு இழுத்து வருவார்கள். பிழைப்பான் என்று டாக்டர் சொன்னால் அவனை ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய முகாமுக்கு அதே பலகையில் இழுத்துப் போவார்கள். பிழைக்க மாட்டான் என்றால் டாக்டர் அவன் இடது கையில் ஒரு கறுப்பு நாடாவைக் கட்டிவிடுவார். பிறகு அவன் தன் காலாலேயே நடந்து செத்தவர்களின் கூடாரத்துக்குப் போய்விடலாம்.

முந்தின வருஷம் செத்தவர்கள் அலுத்துப்போய், ஒவ்வொருவராக எழுந்து வந்து சண்டையில் சேர்ந்துகொண்டு, பயிற்சியே சந்தி சிரித்துவிட்டது. அதனால் தலைமை நடுவர் கேப்டன் தெர்வோ இந்த முறை கறாராகச் சட்டம் போட்டிருந்தார். தெர்வோ முழுநேரப் பட்டாளத்துக்காரர், இந்த அரைநேர ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. செத்தவன் உயிரோடு இருக்கிறவனிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. உயிரோடு இருக்கிறவன் செத்தவர்களின் கூடாரத்துக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. நாடாவைக் கட்டின டாக்டரே தன் கையால் அவிழ்த்து 'எழுந்திரு' என்று சொன்னால் மட்டும்தான் செத்தவன் திரும்பி வரலாம். இதையெல்லாம் மீறினால் மொத்தப் படையும் இன்னொரு நாள் காட்டில் கிடக்க வேண்டும். நிஜமாகவே யாருக்காவது ஆபத்து வந்தால் 'நிஜம், நிஜம்' என்று கத்தினால் போதும், விளையாட்டு அந்த நொடியே நின்றுவிடும் என்றும் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

யல்மாரியின் மனதில் கிடந்ததெல்லாம் ஒரே ஓர் ஆளைப் பற்றிய கவலை. இங்கெரியின் தம்பி இல்போ. ஊரில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். வாய் ஓயாது. சாவு வீட்டில்கூடச் சிரிப்பு மூட்டுவான், அப்படி ஒரு பிறவி. நவம்பரில் நுரையீரலில் சளி கட்டி அக்கா வீட்டிலேயே படுத்துவிட்டான். காய்ச்சல் போயிற்று, இருமல் மட்டும் போகவில்லை. இந்த நேரத்தில் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. அவன் போக முடியாது என்று ஒரு சான்று எழுதிக் கொடுங்கள் என்று இங்கெரி புருஷனிடம் கேட்டாள். மச்சானுக்கு டாக்டர் சலுகை காட்டினார் என்று ஊர் பேசும் என யல்மாரி மறுத்துவிட்டார்.

"நானும்தானே கூட இருக்கேன். நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றார்.

இங்கெரி பின்னல் ஊசிகளை எடுத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து தம்பிக்குச் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு ஜோடி காலுறை பின்னினாள். கிளம்புகிற அன்று அதை அவன் பையில் திணித்துவிட்டு, வாசலில் நின்று யல்மாரியைப் பார்த்தாள். "போன மாதிரியே கொண்டுவந்து விட்டுடுங்க," என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

கடைசி நாள் நண்பகலில் இல்போவைப் பலகையில் கட்டி இழுத்து வந்தார்கள். நண்பகல் என்றதும் வெளிச்சம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதத்தில் அங்கே நண்பகலில் வானம் கொஞ்சம் நீலம் பூசிக்கொள்ளும், அவ்வளவுதான். பனி, மரம், மனுஷ முகம் எல்லாம் அந்த நீலத்தில் ஊறிக் கிடக்கும். நல்லா இருக்கிறவன் உதடும் நீலமாகத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் வடிந்து இருட்டிவிடும்.

இல்போவின் அட்டையில் தொடைக்காயம் என்று இருந்தது. ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டால் பிழைக்கிற காயம். அவன் பலகையில் படுத்தபடியே இருமினான். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் ஒரு விசில் சத்தம் போட்டு, கடைசியில் நாய் குரைப்பதுபோல் முடிகிற இருமல். அந்த மாதம் முழுக்க வீட்டில் கேட்டுக் கேட்டு யல்மாரிக்குக் காது புளித்திருந்தது.

"அத்தான், என்னைச் சாகடிச்சுடுங்க."

"சும்மா இரு மாப்ள. இது பிழைக்கிற காயம்."

"பிழைச்சா ஏரிக்கு அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போவானுங்க. இந்தக் காத்துல, இப்படிக் கட்டிப் போட்டு. அக்காகிட்ட என்னத்தைச் சொல்லிட்டு வந்தீங்க?"

அக்கா பேரைச் சொன்னதும் யல்மாரிக்குச் சுருக்கென்றது. ஏரி மேல் அடிக்கிற காற்று நுரையீரலுக்குள் ஊசி ஊசியாக இறங்கும். செத்தவர்களின் கூடாரத்தில் கதகதப்பாக ஒரு தூக்கம் போட்டால் பையன் தெம்பாகிவிடுவான். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் நாடாவை எடுத்து, அவன் இடது மணிக்கட்டுக்கு மேலே சட்டைக் கையோடு சேர்த்துக் கட்டினார். தையல் போடும்போது போடுகிற இரட்டை முடிச்சு தானாகவே விழுந்தது. சாவு உறுதியானதும் நேரம் பார்க்கிற பழக்க தோஷத்தில் கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"என்ன அத்தான், நேரம் வேற குறிக்கிறீங்க?" என்று இல்போ சிரித்தான். "அக்காகிட்ட சொல்லுங்க, கஷ்டப்படாமத்தான் போனான்னு."

"வாயைக் கழுவு. போ, போய்ப் படு. இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அவன் எழுந்து, கட்டிய கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு, குஷியாக நடந்து போனான். மரங்களுக்கு நடுவே அவன் இருமல் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு பனி கொட்ட ஆரம்பித்தது.

அங்கே பனி கொட்டும்போது ஒரு மௌனம் வரும். மழைக்காவது சத்தம் உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்ததுபோல் ஆகிவிடும். யல்மாரியும் அவருக்கு உதவியாக இருந்த சார்ஜென்ட் ரெய்யோவும் கட்டுத்துணிகளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். ரெய்யோ ஊரில் பஸ் ஓட்டுகிறவர், நல்ல மனுஷர். செத்தவர்களின் கூடாரம் இருந்த பக்கத்திலிருந்து பொத்தென்று ஒரு சத்தம் வந்தது. மரம் பாரத்தை இறக்கியிருக்கிறது என்றார் ரெய்யோ. ஊசியிலை மரக் கிளைகளில் சேர்கிற பனி திடீரென்று சரிந்து விழுவது அங்கே எந்நேரமும் நடக்கிற சங்கதி. இரண்டு பேரும் தலையைக்கூடத் தூக்கவில்லை.

மணி மூன்றுகூட ஆகவில்லை, நீலம் வடிந்து நன்றாக இருட்டிவிட்டது. அப்போது இல்போ வந்தான்.

ரெய்யோ முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தார். யல்மாரி நிமிர்ந்து பார்த்தபோது கூடாரத்தின் வாசல் பக்கம், விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில் அவன் நின்றான். தோளிலும் தலையிலும் பனி. முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன மாப்ள, சாசேஜ் தீர்ந்துபோச்சா?" என்று யல்மாரி தணிந்த குரலில் கேட்டார்.

அவன் வாயைத் திறக்கவில்லை. சட்டத்தை மதிக்கிறானே என்று யல்மாரிக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது கிடையாது. இங்கெரியிடம் சொன்னால் நம்பவே மாட்டாள் என்று நினைத்துக்கொண்டார். இல்போ மெதுவாக இடது கையை நீட்டினான். கறுப்பு நாடா கட்டிய கை.

"இப்பவே அவுக்கணுமா? அசடு, வெளியில வந்தா பள்ளம் வெட்டச் சொல்லுவாங்க. போய்த் தூங்கு. சாயங்காலம் நானே வந்து அவுக்கறேன்."

கை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. யல்மாரி குனிந்து ஒரு பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தபோது அவன் இல்லை. அடுப்பு அவ்வளவு சூடாக எரிந்துகொண்டிருந்தும் அவன் தோளில் இருந்த பனி ஒரு பொட்டுக்கூட உருகாமல் இருந்ததே என்று பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை அவர் அப்படியே விட்டுவிட்டார். வேலை இருந்தது.

ரெய்யோ திரும்பி, யாரோடு பேசினீர்கள் என்று கேட்டார். செத்துப்போன என் மச்சானோடு என்றார் யல்மாரி. ரெய்யோ சிரித்தார், யல்மாரியும் சிரித்தார்.

அடுத்து கேப்டன் தெர்வோ காபி குடிக்க வந்தார். வந்த கையோடு குறை சொல்லத் தொடங்கினார். இந்தப் படையில் சாகிறவர்கள் அதிகம், குண்டு பட்டுச் சாவதைவிட டாக்டர் பட்டுச் சாவது அதிகம் என்றார். யல்மாரி கெட்டிலைச் சாய்த்து அவருக்குக் காபி ஊற்றினார். கேப்டனின் தோளுக்குப் பின்னால் இல்போ நின்றான். கை நீட்டியபடி.

யல்மாரி கெட்டிலைப் பட்டென்று கீழே வைத்தார். பயத்தினால் இல்லை, மாட்டிக்கொள்வோமே என்றுதான். தொடைக்காயக்காரனைச் சாகடித்தது தெரிந்தால் தெர்வோ லேசில் விட மாட்டார். போ, போ என்று புருவத்தாலேயே விரட்டினார். இல்போ அசையவில்லை. அவன் பார்வை யல்மாரியின் முகத்தில் இல்லை. அவருடைய விரல்களில் இருந்தது.

கேப்டன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நேராக அவனைத்தான் பார்த்தார், கை எட்டும் தூரத்தில். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு, "கூடாரத்துல எங்கேயோ ஓட்டை இருக்கு டாக்டர். முதுகுல ஐஸ் வச்ச மாதிரி காத்து வருது," என்றார். காபியை ஒரே மடக்கில் முடித்துவிட்டுப் போனார். போகிறபோது இல்போ நின்ற இடத்தின் வழியாகத்தான் போனார். அங்கே யாரும் இல்லை.

யல்மாரி உட்கார்ந்துவிட்டார். பையன் சமயம் பார்த்து நழுவியிருப்பான், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ஒன்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இரண்டு தடவை வந்தான், இரண்டு தடவையும் இருமவில்லை. வாயைப் பொத்தினாலும் அந்த இருமலை அடக்க முடியாதே.

மனசு கேட்காமல், விறகு எடுக்கிற சாக்கில் வெளியே வந்தார். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பனி நேர்க்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் விடுகிற மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாகப் புகைந்தது. விறகுக் குவியலுக்கு அப்பால், ஒரு மரத்தடியில் இல்போ நின்றான்.

காலில் பூட்ஸ் இல்லை. இங்கெரி பின்னின சிவப்புக் காலுறை மட்டும். அந்தக் காலுறையோடு அவன் பஞ்சுபோன்ற புதுப் பனியின் மேல் நின்றான், அந்தப் பனி அவனுக்குக் கீழே அழுந்தவில்லை. யல்மாரி முழங்கால் வரை புதைந்து நிற்கிறார், அவன் மேலே நிற்கிறான். அவன் மூக்கிலிருந்தோ வாயிலிருந்தோ புகை வரவில்லை. கை மட்டும் நீட்டியபடி இருந்தது.

"இல்போ," என்றார். "இல்போ, எங்கே இருக்கே?"

ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவருக்கே தெரியாது. எதிரில் நிற்கிறவனிடம் யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்களா? அவர் வாய் கேட்டுவிட்டது. இல்போவின் கை மெதுவாகத் திரும்பி, காட்டுக்குள் செத்தவர்களின் கூடாரம் இருந்த பக்கத்தைக் காட்டியது.

யல்மாரி ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, விழுந்து எழுந்து விழுந்து எழுந்துதான் போனார். போகிற வழியெல்லாம் பனி மழமழவென்று, புதிதாக விரித்த படுக்கை விரிப்புபோல் கிடந்தது. ஒரு காலடித் தடம்கூட இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கூடாரத்திலிருந்து யாருமே வெளியே வரவில்லை.

கூடாரம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் தெரிந்தது. மேலே இருந்த மரம் தன் பாரம் முழுவதையும் அதன் தலையில் கொட்டியிருந்தது. புகைக்குழாய் வளைந்து பனிக்குள் புதைந்து கிடந்தது. வேலைவெட்டி இல்லாத செத்தவர்கள் காற்று வரக் கூடாது என்று கூடாரத்தின் அடியைச் சுற்றிலும் பனியை வாரி அணைத்து, கையால் தட்டித் தட்டி இறுக்கியும் வைத்திருந்தார்கள். உள்ளே அடுப்பின் நச்சுவாயு வெளியேற ஒரு வழி இல்லை. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே சட்டம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் துணியின் அடி தூக்கியிருந்தது. அந்த இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்து, பனியின் மேல் நீளமாகக் கிடந்தது. டாக்டரின் கூடாரத்தைப் பார்த்து நீட்டிய கை. அதில் கறுப்பு நாடா.

"நிஜம்!" என்று யல்மாரி கத்தினார். "நிஜம், நிஜம்!"

இருட்டிலிருந்து யாரோ ஒருவன் சிரித்தான். டாக்டருக்கும் சாக ஆசை வந்துவிட்டது என்று இன்னொருவன் சொன்னது கேட்டது. அந்தப் பாவிகளைச் சொல்லிக் குற்றமில்லை, காலையிலிருந்து எல்லாரும் அடிபட்டதாகப் பொய்யாகக் கத்திக்கொண்டுதானே இருந்தார்கள். யல்மாரி இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கூடாரத் துணியை மேலிருந்து கீழாகக் கிழித்தார். கிழிகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

உள்ளே எல்லாரும் அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கன்னமெல்லாம் சிவப்பு, நெருப்பில் காய்ந்தவர்கள்போல. அதைப் பார்த்து ரெய்யோ நல்லாத்தான் இருக்காங்க என்றார். அது நச்சுவாயு ஏறின சிவப்பு என்று தெரிந்த யல்மாரி, இழு, வெளியே இழு என்று அலறினார். தோளைப் பிடித்தும் காலைப் பிடித்தும் எல்லாரையும் பனியில் இழுத்துப் போட்டார்கள். குளிர் காற்று பட்டதும் ஒருவன் வாந்தி எடுத்தான். ஒருவன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். மீன் விற்கிறவன் எழுந்து உட்கார்ந்து, இல்போதான் அடுப்புக் காவலுக்கு விழித்திருந்தான், எங்களைத் தூங்கச் சொன்னான் என்று உளறினான். அவன் தூக்கிவிட்ட அந்த இடுக்கு வழியாகப் போன காற்றில்தான் அவர்கள் பிழைத்திருந்தார்கள்.

இல்போ மட்டும் எழவில்லை.

அந்த இடுக்கோரம் குப்புறக் கிடந்தவனையும் இழுத்துப் புரட்டிப் போட்டார்கள். பூட்ஸ் இல்லாத காலில் சிவப்புக் காலுறை. யல்மாரி கழுத்தில் விரலை வைத்தார். விரல் மரத்துப் போயிருந்தது, நாடி அங்கே இல்லையா, தனக்குத் தெரியவில்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. காதை வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் இல்லை. ரெய்யோ நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். யல்மாரி மூச்சு முகமூடியை அவன் வாயில் வைத்துக் காற்றை உள்ளே திணித்தார். ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது, ஆனால் இந்தப் பனியில் எப்போது இறங்குமோ என்றார் கேப்டன். அவர் குரலில் இப்போது கறார் எதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் அமுக்கினார்களோ. ரெய்யோவின் கை ஓய்ந்துபோய் வேறு ஒருவன் வந்தான், அவனும் ஓய்ந்து மறுபடி ரெய்யோ வந்தார். இல்போவின் இமைகளில் விழுந்த பனி அப்படியே நின்றது. இங்கெரி வாசலில் நின்று பார்த்த பார்வைதான் யல்மாரியின் கண்ணில் இருந்தது. எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பது? போன மாதிரியே கொண்டுவந்து விடச் சொன்னாளே.

கேப்டன் தெர்வோ பக்கத்தில் மண்டியிட்டார். "டாக்டர்," என்றார் மெதுவாக. "நேரம் பார்த்துடலாமா?"

யல்மாரி நிமிர்ந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தார். கேப்டனுக்குப் பின்னால், நெற்றி விளக்குகளின் வெளிச்சம் முடிகிற இடத்தில், இல்போ நின்றுகொண்டிருந்தான். பொறுமையாக, வரிசையில் நிற்கிறவன்போல. கை நீட்டியபடி.

அப்போதுதான் யல்மாரிக்கு உறைத்தது. நேரத்தை அவர் நண்பகலிலேயே பார்த்துவிட்டார். முடிச்சைப் போட்டது அவர் கை. வேறு யார் அவிழ்த்தாலும் செல்லாது.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கீழே கிடந்த இடது கையைப் பிடித்தார். நாடா பனியில் நனைந்து உறைந்து கம்பியாகியிருந்தது. நகத்தால் கீறினார், நகம் பிய்ந்தது. இரட்டை முடிச்சு, அசைய மாட்டேன் என்றது. என்ன செய்கிறீர்கள் என்று ரெய்யோ மூச்சு வாங்கக் கேட்டார். பித்துப் பிடித்துவிட்டது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கத்தியை நீட்டினார் கேப்டன். யல்மாரி வாங்கவில்லை. அறுப்பது வேறு, அவிழ்ப்பது வேறு என்று அந்த நேரத்தில் அவருக்குப் பட்டது. குனிந்து முடிச்சைப் பல்லால் கவ்வினார். வாயின் சூட்டில் ஐஸ் கரைய, நாக்கில் ரத்தம் கரித்தது. ஒரு முடிச்சு விட்டது. இரண்டாவதும் விட்டது.

நாடாவை உருவி எடுத்தார். தலையைத் தூக்கி, கீழே கிடந்தவனைப் பார்க்காமல், அங்கே நின்றவனைப் பார்த்துச் சொன்னார்.

"எழுந்திரு மாப்ள. எழுந்து வா."

நின்றவன் கையை இறக்கினான். பிறகு அங்கே மரமும் இருட்டும் கொட்டுகிற பனியும்தான் இருந்தன.

அந்த மௌனத்தில்தான் அது கேட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் ஒரு விசில் சத்தம் போட்டு, கடைசியில் நாய் குரைப்பதுபோல் முடிகிற அந்தக் கேடுகெட்ட இருமல். ரெய்யோ கையை எடுத்துவிட்டார். யல்மாரி பனியில் அப்படியே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.

ரொவானியெமி ஆஸ்பத்திரியில் இல்போ பல நாட்கள் இயந்திரத்தின் மூச்சில் கிடந்தான். இங்கெரி அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. அந்த வெட்டவெளியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவனை டாக்டர் விடாமல் அமுக்கிப் பிழைக்க வைத்தார் என்று ரெய்யோ அவளிடம் சொல்லியிருந்தார். நாடாவை யார் கட்டியது, ஏன் கட்டியது என்று யல்மாரி தன் வாயாலேயே சொன்னார். அவள் தம்பியின் போர்வையைச் சரிசெய்தாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாடா அவர் கோட்டுப் பையில் சுருண்டு கிடந்தது. எறியவும் மனசு வரவில்லை, தொடவும் பயமாக இருந்தது. இல்போ நான்கு தடவை வந்து நின்றதைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. உறைந்த மூளை என்னென்னவோ காட்டும், ஒரு டாக்டருக்கு இது தெரியாதா என்று தன்னைத் தேற்றி வைத்திருந்தார்.

தொண்டையிலிருந்து குழாயை எடுத்த அன்று இல்போ கண்ணைத் திறந்தான். முதலில் அக்காவைப் பார்த்தான். பிறகு கட்டில் காலடியில் நின்ற யல்மாரியைப் பார்த்தான். பார்வை முகத்திலிருந்து இறங்கி அவர் விரல்களில் வந்து நின்றது. பிய்ந்த நகத்துக்குப் போட்ட கட்டு இன்னும் இருந்தது. இல்போ உதட்டை நனைத்துக்கொண்டான்.

"எத்தனை தடவைதான் அத்தான் கையை நீட்டுறது," என்றான் கரகரப்பாக. "சாயங்காலம், சாயங்காலம்னீங்களே."

இங்கெரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்கிறான் இவன் என்று கேட்டாள். யல்மாரி கட்டிலின் ஓரத்துக்கு வந்து, போர்வைக்கு வெளியே கிடந்த அந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அது சூடாக இருந்தது.